வலது பக்கம் இறங்கும் கோடு

1

“…அதனால நாளைக்கு ஆபீஸ் தொறந்ததும் போயி, விலகிக்கிறேன்னு எழுதிக் குடுத்துட்டு வந்துடுறேங்க. தெரியாததுன்னா படிச்சுக்கலாம். தெரிஞ்சதை எப்படிங்க மறக்கிறது? இந்தக் கை இனிமே திருந்தாது” என்றாள் தனம்.

தனம் என் மனைவி, முழுப்பெயர் தனலெட்சுமி. இதைச் சொன்ன இடம் ரொறன்ரோவில் எங்கள் வீட்டுச் சமையலறை மேசை. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு முடிந்து தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டிருந்தோம். வெளியே மார்ச் மாதத்துப் பனி அழுக்குப் பிடித்து வீதியோரம் குவிந்து கிடந்தது. ஊரில் இருக்கிற நீங்கள் பனி என்றால் வெள்ளை வெளேரென்று நினைப்பீர்கள். மார்ச்சில் வந்து பார்க்கவேண்டும். மழை விட்ட பிறகு எங்கள் ஊர்ப் பக்கத்துப் புளத்கொகுபிட்டி பஸ் நிலையத்தில் கிடக்கும் சேறு அதைவிட லட்சணமாக இருக்கும்.

அவள் விலகுவதாகச் சொன்னது ஒரு பாடத்திலிருந்து. பகலில் அவளுக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் உதவியாளர் வேலை, பின்னேரத்தில் பல்கலைக்கழகம். கணித ஆசிரியை ஆகவேண்டும் என்பது எண்ணம். அதற்குக் கட்டாயம் தேறவேண்டிய பாடம் ஒன்று உண்டு: பல மாறிகளின் நுண்கணிதம். போன வருடம் அதில் தவறிவிட்டாள். தவறிய பாடத்தை இன்னும் ஒரு தடவைதான் எடுக்கலாம். இது அந்தத் தடவை. இதிலும் தவறினால் கணிதத் துறையை விட்டு வெளியே அனுப்பிவிடுவார்கள். திங்கட்கிழமைக்குள் தானாக விலகிக்கொண்டால் தவறியதாகப் பதிவு விழாது, வேறு ஏதாவது துறைக்கு மாறலாம். ஆனால் கணித ஆசிரியை என்ற பேச்சு அத்தோடு முடிந்தது.

அவள் ஏன் கையைக் குறை சொன்னாள் என்பதைச் சொல்வதற்குக் கொஞ்சம் சுற்றிக்கொண்டு வரவேண்டியிருக்கிறது.

2

நாங்கள் இங்கே வந்து பத்து வருடம் ஆகிறது. நான் பெல்மதுளைப் பக்கத்து றப்பர்த் தோட்டம் ஒன்றில் பிறந்தவன். வரக்காப்பொலையில் ஒரு பலசரக்குக் கடையில் சாமான் கட்டிக் கொடுத்துக்கொண்டு, சாமான் சுற்ற வாங்கிய பழைய பத்திரிகைகளை வாசித்து வளர்ந்தவன். என் படிப்பு அவ்வளவுதான். பாதிக் கதை வாசிக்கும்போது ஆள் வந்துவிட்டால் மீதிக் கதை பருப்போடு போய்விடும். அதனாலோ என்னவோ, மனிதர்கள் சொல்வதைக் கேட்டு மனதில் வைத்துக்கொள்ளும் பழக்கம் வந்தது. அதை யாரும் சுற்றி எடுத்துக்கொண்டு போக முடியாதல்லவா?

தனத்தின் ஊர், புளத்கொகுபிட்டியிலிருந்து மேலே ஏறும் பாதையில் ஒரு றப்பர்த் தோட்டம். இந்த றப்பரை இங்கே விளங்கப்படுத்துவது பெரும் பாடு. எங்கள் கட்டடத்தின் கீழ் மாடியில் யாழ்ப்பாணத்துச் சிவம் அண்ணை இருக்கிறார். வந்த புதிதில் மின்தூக்கியில் பிடித்துக் கேட்டார்:

“நீங்கள் மலையகமோ? அப்ப தேயிலைக் கொழுந்து பறிச்ச ஆக்களோ?”

“இல்லீங்கண்ணே, நாங்க றப்பர்” என்றாள் தனம்.

“றப்பரோ! அங்கையும் எங்கட ஆக்கள் இருக்கினமோ?”

“இருந்தோம். அதுல ரெண்டு பேரு இப்ப உங்க முன்னாடி நிக்கிறோம்.”

சிவம் அண்ணை சிரித்த சிரிப்பில் அவர் இறங்கவேண்டிய மாடி தாண்டிப் போய்விட்டது. அன்றிலிருந்து அவர் வீட்டில் பனங்கிழங்கு மாவில் ஒடியல் கூழ் காய்ச்சினால் எங்களுக்கும் ஒரு சட்டி வரும்.

பல்கலைக்கழகத்தில் சேர்ந்த கதையும் இப்படித்தான். தனத்தின் சான்றிதழ்களை ஆங்கிலத்துக்கு மாற்றிக் கொடுக்கச் சொன்னார்கள். மாற்றிக் கொடுத்தவர், தோட்டப் பாடசாலை என்பதைப் பூந்தோட்டப் பள்ளிக்கூடம் என்று பொருள்படும்படி எழுதிவிட்டார். அலுவலகத்துப் பெண் மிகுந்த அன்போடு, “செடி வளர்ப்பு படித்துவிட்டுக் கணிதத்துக்கு வருகிறீர்களா?” என்று கேட்டாள். தனம், “ஆமாம், மரம் கூட வளர்த்திருக்கிறோம்” என்று சொல்லிவிட்டு வந்தாள். திருத்தப் போனால் இன்னும் இரண்டு கடிதம் கேட்பார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

பிறப்புச் சான்றிதழில் தனலெட்சுமிக்கு அடுத்து இருப்பது அவள் அப்பா பெயர். இங்கே கடைசியில் இருப்பதுதான் குடும்பப் பெயர். வகுப்பில் பேராசிரியர் அவளை “மிஸ் மாரிமுத்து” என்றுதான் கூப்பிடுவார். முதல் நாள் வந்து சொன்னாள்:

“எங்கப்பா மூணாம் வகுப்போட நின்னவருங்க. இப்பப் பாருங்க, யூனிவர்சிட்டி இடாப்புல அவரு பேரைக் கூப்பிடுறாங்க, நான் எந்திரிச்சு நிக்கிறேன்.”

3

பல மாறிகளின் நுண்கணிதம் என்றதும் பயப்படவேண்டாம். வேலை முடிந்து போய், அவளுக்காகப் பல்கலைக்கழகத் தாழ்வாரத்தில் காத்திருந்த பின்னேரங்களில் பாடப்புத்தகத்தைப் புரட்டி எனக்குப் பிடிபட்டதை மட்டும் சொல்கிறேன்.

ஊரில் உயர்தரத்தில் படிக்கும் வகையீட்டில், ஒன்று மாறினால் அதைப் பொறுத்து இன்னொன்று மாறும். இங்கே பல சங்கதிகள் ஒரே நேரத்தில் மாறும். ஒரு றப்பர் மரம் எவ்வளவு பால் தரும் என்பது மரத்தின் வயசு, வெட்டுகிற நேரம், முதல் நாள் பெய்த மழை எல்லாவற்றையும் பொறுத்தது இல்லையா, அப்படி. அப்போது என்ன செய்வார்களாம்? மற்ற எல்லாவற்றையும் அசையாமல் பிடித்து நிறுத்திவிட்டு, ஒன்றை மட்டும் இத்தனூண்டு நகர்த்தி என்ன ஆகிறதென்று பார்ப்பார்களாம். பகுதி வகையீடு என்று பெயர். அந்தப் பக்கத்தை விட்டு எனக்கு நகர மனம் வரவில்லை. எங்களுக்கு யாரும் எதையும் பிடித்து நிறுத்தித் தரவில்லையே! விமானம் ஏறிய அன்றே குளிர், பாஷை, வேலை, சாப்பாட்டு நேரம், பிள்ளை பேசும் பேச்சு எல்லாம் சேர்ந்து மாறின. எதனால் எது மாறியது என்று இன்றுவரை பிரித்துச் சொல்ல முடியவில்லை.

பாடத்தின் முதல் பாதியில் தனம் நன்றாகவே செய்தாள். இரண்டாம் பாதியில்தான் தொல்லை. அங்கே முப்பரிமாண வெளியில் வளைந்து வளைந்து போகும் கோடுகள் வருகின்றன. ஒரு உருளையைச் சுற்றிக்கொண்டே மேலே ஏறும் சுருள்கோடு ஒன்று இருக்கிறது. எந்த அத்தியாயத்தைத் திறந்தாலும் கல்யாண வீட்டு மாமா மாதிரி முன்னால் வந்து நிற்கும். கணக்கு வாக்கியமாக இருக்கும். தனம் அதை வாசிப்பாள், உருளை போடுவாள், அதன்மேல் கோட்டைப் போடுவாள், படத்தைப் பார்த்துச் சமன்பாடு எழுதுவாள். அதற்குப் பிறகு தொகையீடு, பக்கம் பக்கமாக, ஒரு பிழை இல்லாமல் போகும். கடைசியில் விடை அப்படியே சரியாக வந்திருக்கும். முன்னால் மட்டும் வேண்டாத கழித்தல் குறி ஒன்று நிற்கும். அது இருக்கவேண்டிய கணக்கில் இருக்காது.

வீட்டுக் கணக்குகளைக் கம்பியூட்டரில்தான் அனுப்பவேண்டும். அது போன வழியைப் பார்க்காது, விடையை மட்டும் பார்க்கும். குறி மாறினால் பூச்சியம். “நம்ம தோட்டத்துக் கணக்கப்பிள்ளை கூட இவ்வளவு கல்நெஞ்சக்காரர் இல்லீங்க” என்பாள் தனம்.

பேராசிரியர் ருமேனியாவிலிருந்து வந்தவர், அவரும் பிறந்த ஊரை விட்டு வந்தவர்தான். அவர் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னாராம்: “மிஸ் மாரிமுத்து, நீங்கள் பாதை முழுவதும் ஒழுங்காக நடக்கிறீர்கள். போய்ச் சேருவது மட்டும் எதிர்ப்பக்கத்தில். ஏன் என்று எனக்குப் புரியவில்லை.”

அவளுக்கும் புரியவில்லை. போன வருடம் முழுக்கத் தனக்கு மூளை போதாது என்றே நினைத்துக்கொண்டிருந்தாள். “படிப்பு வரலேன்னா விட்டுடலாங்க. இது வருது. வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயிடுது” என்று ஒரு நாள் கார்க் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

4

தனம் உயர்தரம் எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த மாதங்களில் அவள் அம்மாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அம்மாவுக்குப் பதிலாக இவள் பால் வெட்டப் போனாள். முடிவு வந்தது, பல்கலைக்கழகம் கொஞ்சத்தில் தவறிப் போனது. மாதங்கள் வருடங்கள் ஆகி, எங்கள் கல்யாணம் வரைக்கும் வெட்டினாள்.

பால் வெட்டுவதைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். றப்பர் மரத்தின் பட்டையில், இடது பக்கம் மேலே தொடங்கி வலது பக்கம் கீழே இறங்கும்படி சாய்வாக ஒரு வெட்டு இருக்கும். வளைந்த வாயுள்ள கத்தியால் அந்த வெட்டின் ஓரத்தை மெல்லிய சீவலாகச் சீவி எடுக்கவேண்டும். பால் கசிந்து, வெட்டு வழியே வலது பக்கம் இறங்கி, கீழே குத்தியிருக்கும் தகரத்தில் வழிந்து தேங்காய்ச் சிரட்டைக்குள் சொட்டும். பட்டைக்குள் பால் ஓடும் குழல்கள் நேராக நிற்காமல் சற்றே சாய்ந்து ஏறுவதால், இந்தப் பக்கமாக வெட்டினால்தான் கூடுதலான குழல்கள் அறுபடும். அதனால் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் வெட்டு இடமிருந்து வலமாகத்தான் இறங்கும். கொஞ்சம் ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம். கொஞ்சம் மேலோட்டமாகப் போனால் பால் வராது.

முதல் கிழமையில் கங்காணி பெரியசாமி அவள் பின்னாலேயே வந்தாராம்.

“ஏம்மா, கணக்குப் படிச்ச புள்ள! மரத்துக்கிட்ட பால் கேக்குறியா, இல்ல பழி வாங்குறியா?”

“கத்தி வழுக்குதுங்க கங்காணி.”

“கத்தி வழுக்கல. நீ யோசிக்கிற. யோசிச்சா கை நிக்கும், கை நின்னா காயம் விழும். யோசனையெல்லாம் லயத்து வீட்டுலயே வச்சிட்டு வா.”

பக்கத்து நிரையில் கீழ்க் கிராமத்துக் குசுமா அக்கா வெட்டுவாள். தனத்துக்குச் சிங்களம் சரளமானதே அவளோடு பேசித்தான். “ஹெமின் நங்கி, ஹெமின்” என்பாளாம். மெதுவாகத் தங்கச்சி, மெதுவாக என்று. தன் வரிசை முடிந்ததும் வந்து, தனம் விட்ட மரங்களில் சிரட்டையை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போவாள். எதையும் கேட்டதில்லை. வெசாக் பண்டிகை வந்தால் தனம் அவள் வீட்டு வெளிச்சக்கூட்டுக்குக் கடதாசி ஒட்டப் போவாள், தைப்பொங்கலுக்குக் குசுமா அக்கா லயத்துக்கு வருவாள். பொங்கல் சாப்பிட்டுவிட்டு, “உங்கள் சாமிக்கு இனிப்பு கொஞ்சம் கூட” என்று வருடா வருடம் ஒரே தீர்ப்புச் சொல்வாளாம்.

தனம் இதையெல்லாம் சொல்லும்போது இங்கே எங்கள் வீட்டைச் சூடேற்றும் குழாயின் வாசனை போய், றப்பர்க் காட்டு வாசனை வந்துவிடும். விடிகாலையில் தகரக் கூரையில் மழை விழுந்தால் அன்று வெட்டு இல்லை, கூலியும் இல்லை. படுக்கையில் கிடந்தபடியே முதலில் சந்தோஷம், பிறகு அம்மாவின் பெருமூச்சைக் கேட்டுக் கவலை. இலை உதிர்ந்து முடிந்து செம்பு நிறத்தில் புதுக் கொழுந்து விடும்போது மலையே ஒரு தரம் வெட்கப்பட்ட மாதிரி இருக்கும். வெயில் காலத்தில் காய்கள் பட்டென்று வெடித்து, வரிவரியான கொட்டைகள் வந்து தலையில் விழும். பட்டுப் பட்டென்று அந்தச் சத்தத்தை இங்கே ஒரு தடவை கேட்டாள். நுண்ணலை அடுப்பில் யாரோ சோளம் பொரித்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்து அலுவலக அறையில் நின்றபடியே கண் கலங்கிவிட்டதாம்.

எங்கள் மகள் கவிதாவுக்குப் பதினைந்து வயது. தமிழ் விளங்கும், பதில் ஆங்கிலத்தில் வரும். அம்மா பால் வெட்டின கதையை அவளுக்கு நாங்கள் ஒழுங்காகச் சொன்னதே இல்லை. முதல் தடவை கேட்டபோது முகம் சுருங்கிவிட்டது.

“அம்மா, யூ கட் ட்ரீஸ்?”

“மரத்த வெட்டலடி. பால் வெட்டினேன்.”

“பால்னா மில்க். மில்க் எப்படி வெட்றது?”

தனம் ஒரு பென்சிலை நிறுத்தி வைத்து, கறிக்கத்தியால் சாய்வாகச் சீவிக் காட்டினாள். கவிதா அதைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டாள். மரத்துக்கு வலிக்காதா என்று மட்டும் தமிழில் கேட்டாள். எனக்கு அது போதும்போல இருந்தது.

5

நான் வேலை செய்வது அலமாரி, மேசை எல்லாம் பகுதி பகுதியாகச் செய்து பெட்டியில் அடைக்கும் ஒரு தொழிற்சாலையில். நாள் முழுக்க ஆணியும் திருகாணியும். இரண்டு சனிக்கிழமைக்கு முன்பு தனம் இந்த மேசையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். தாள் பறக்காமல் இருக்க, சட்டைப் பையில் கிடந்த பெரிய திருகாணி ஒன்றை எடுத்து அதன்மேல் நிறுத்தி வைத்தேன். வைத்தது அவள் வரைந்த உருளைக்குப் பக்கத்தில். பார்த்தால், என் திருகாணியின் புரி வலது பக்கம் மேலே ஏறுகிறது. அவள் உருளையின் கோடு வலது பக்கம் கீழே இறங்குகிறது.

திருகாணியைத் தலைகீழாகப் பிடித்தேன். அப்போதும் வலது பக்கம் ஏறத்தான் செய்தது. தாளைத் தலைகீழாகத் திருப்பினேன். அவள் கோடு அப்போதும் வலது பக்கம் இறங்கிக்கொண்டுதான் இருந்தது. பாடப்புத்தகத்தைத் திறந்தேன். அங்கே இருந்தது என் திருகாணியின் கட்சி.

“தனம், இது என்ன படம்?”

“உருளைங்க. அது மேல சுருள்கோடு.”

“இல்ல. நல்லாப் பாரு.”

அவள் பார்த்தாள். கோடு முடிகிற இடத்தில், வலது பக்கம் கீழே, சின்னதாக ஒரு கீற்று வேறு போட்டிருந்தாள். எந்தக் கணக்கிலும் கேட்காத கீற்று. தகரம் குத்துகிற இடம்.

“அய்யோ, இது மரங்க!” என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

பழைய தாள்களையெல்லாம் எடுத்துப் போட்டோம். எல்லாம் மரம். போன வருடத்து மரங்கள், இந்த வருடத்து மரங்கள். வாக்கியத்தை வாசித்ததும் கை தானாக ஊருக்குப் போய், இடது மேலே தொடங்கி வலது கீழே இழுத்திருக்கிறது. அந்தப் படத்தைப் பார்த்துச் சமன்பாடு எழுதினால் குறி மாறாமல் என்ன செய்யும்? அன்றைக்கு நாங்கள் மூன்று பேரும் வயிறு நோகச் சிரித்தோம். கவிதா ஒரு உருளைக்குக் கிளைகள் வரைந்து குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினாள். காரணம் தெரிந்துவிட்டது, இனி என்ன கவலை என்று நான் நினைத்தேன்.

காரணம் தெரிந்தது கைக்குத் தெரியவில்லை. மெதுவாகப் போட்டால் சரியாக வரும். நேரம் வைத்துப் போட்டால், அவசரத்தில், பழையபடி மரம். கவிதா தாளின் ஓரத்தில் சிவப்பு அம்புக்குறி போட்டுக் கொடுத்தாள். “அம்மா, பேக்வர்ட்ஸ், பேக்வர்ட்ஸ்” என்று பக்கத்தில் நின்று சொன்னாள். மறுபக்கத்திலிருந்து பார்க்கிற மாதிரி நினைத்துக்கொள் என்று நான் சொன்னதற்குத் தனம் சிரித்தாள். “மரத்துக்கு அந்தப் பக்கம் போயி நின்னாலும் வெட்டு வலது பக்கந்தாங்க இறங்கும். நின்னு பாத்தவ சொல்றேன்.” படமே போடாமல் செய்து பார்த்தாள், படம் இல்லாமல் அவளுக்குக் கணக்கு ஓடவில்லை.

போன வெள்ளிக்கிழமை வகுப்பில் ஒரு சிறு பரீட்சை. அன்றே திருத்தித் திரும்ப வந்த தாளில், வரிசையாக மரங்கள்.

பேராசிரியரிடம் சொல்லேன் என்றேன். “என்னன்னு சொல்றது? பால் வெட்டின கை, அதனால மார்க்கு போடுங்கன்னா? நாளைக்கு நான் புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கணும்ங்க. நானே தப்பா வரைஞ்சா அதுங்க என்ன பண்ணும்?”

6

ஆக, அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நாளைக்கு ஆபீஸ் திறந்ததும் போய் விலகிக்கொள்கிறேன் என்று அவள் சொல்லி முடித்தாள்.

கவிதா தலையைத் தூக்காமலே, “ட்ராப் பண்ணா தப்பில்லம்மா. எவ்ரிபடி டஸ் இட்” என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள். இங்கே வளரும் பிள்ளைகளுக்கு விட்டுவிட்டு வேறொன்றைப் பிடிப்பது சட்டை மாற்றுவது போல. எங்களுக்கு அது அவ்வளவு இலேசில்லை. ஒரு தடவை எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்களுக்கு, இன்னொன்றை விடச் சொன்னால் தோல் உரிகிற மாதிரி இருக்கும்.

“நானும் கூட வர்றேன். லீவு சொல்லிடுறேன்” என்றேன். அந்தக் கை எனக்கும் வேண்டிய கை. கல்யாணத்துக்கு முன்பு அவள் வரக்காப்பொலைக் கடைக்கு வந்து சீனிப் பொட்டலத்தை வாங்கும்போது, விரல் இடுக்கில் காய்ந்த பால் ஒட்டியிருக்கும். அதைத் திருத்தவேண்டும் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

தனம் வலது கையை மேசைமேல் விரித்து வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை.

“இதுக்கு மட்டுந்தானேங்க மரம் தெரியும்” என்றாள்.

அந்தக் கையை எடுத்து ஸ்வெட்டர் பைக்குள் நுழைத்துக்கொண்டாள். இடது கையால் பேனாவைத் தேடி எடுத்தாள். விரல்களுக்குப் பிடி சரியாக அகப்படவில்லை. இரண்டு தடவை நழுவவிட்டு மூன்றாவது தடவை பிடித்தாள். வெள்ளிக்கிழமைத் தாளிலிருந்த முதல் கணக்கை வாய்க்குள் வாசித்தாள். பாலர் வகுப்புப் பிள்ளை போடுவது போல ஒரு கோணல் உருளை போட்டாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு அதன்மேல் கோட்டை இழுத்தாள். இடது பக்கம் கீழே தொடங்கி, வலது பக்கம் மேலே ஏறியது.

நான் கையைத் தட்டப் போனேன். “இருங்க” என்று தடுத்துவிட்டு, தாளைத் திருப்பி, கவிதாவிடம் மணிக்கூட்டைப் பார்க்கச் சொல்லி, அடுத்த கணக்குக்கு உருளை போட ஆரம்பித்தாள்.